சுருக்கெழுத்தில் இருந்த ஆட்டங்கள்

இக்குறிப்பை எழுதவேண்டிய தேவை ஒரு சிறப்புமலரால் நேர்ந்தது. ரொறன்ரோவில் தமிழ் ஒலிபரப்பு வளர்ந்த வரலாற்றைத் தொகுத்துவரும் நண்பர்கள், சென்ற மாதம் தங்கள் மலரின் ஒரு பக்கத்தை என் பார்வைக்கு அனுப்பியிருந்தார்கள். என் பழைய நிழற்படத்தின் கீழே, பேஸ்போலையும் பனித்தள ஹொக்கியையும் இந்நகரில் தமிழில் வருணனை செய்த முன்னோடி என்று என்னைக் குறித்து எழுதியிருந்தனர். அப்பணியைச் செய்தவர்கள் இருவர். மற்றவர் என் மனைவி. அவரைப் பற்றி அப்பக்கத்தில் ஒரு வரியும் இல்லை. அது தொகுப்பாளர்களின் தவறன்று. அக்காலத்தில் நானே எவரிடமும் சொல்லாததை அவர்கள் எங்ஙனம் அறிவர்? மலர் அச்சேறிவிட்டால் நான் மறைத்தது வரலாறாகிவிடும். அதற்கு முன்னர் நடந்ததை நடந்தவாறு எழுதி வைக்க வேண்டும்.

நான் ஊரில் ஆசிரியப் பயிற்சிக் கலாசாலை ஒன்றில் தமிழ் கற்பித்தவன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஸ்காபரோவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒன்பதாம் தளத்தில் நாங்கள் வாழ்ந்தோம். வார நாட்களில் அலுவலகக் கட்டடம் ஒன்றின் வாயிலில் சீருடை அணிந்து காவல் இருந்தேன். மனைவி முதியோர் இல்லமொன்றின் உணவறையில் பணிபுரிந்தார். ஊரில் அவர் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபர் அலுவலகத்தில், தமிழ்ச் சுருக்கெழுத்தாளராக இருந்தவர். அதிகாரிகள் எத்துணை விரைந்து பேசினாலும் ஒரு சொல்லும் சிந்தாமல் எடுத்துக் கொடுப்பார் என்று பெயர் பெற்றவர். இந்நாட்டில் அத்திறனைக் கேட்பார் எவருமில்லை.

வார இறுதிகளில் தமிழ் வானொலி நிலையமொன்றில் இலக்கிய உரை நிகழ்த்தி வந்தேன். வணிகத் தொகுதி ஒன்றின் மேல்மாடியில், பல் மருத்துவர் ஒருவரின் அறைக்கும் பயண முகவர் ஒருவரின் அறைக்கும் நடுவே அந்நிலையம் இருந்தது. சாதாரணப் பெட்டிகளில் எடுபடாத அதன் ஒலிபரப்பைக் கேட்பதற்கென்றே எங்கள் மக்கள் தனியான வானொலிப் பெட்டி ஒன்றை வாங்கி வீட்டில் வைத்திருப்பார்கள். நிலையப் பொறுப்பாளர் இளைஞர். என்னை மாஸ்ரர் என்றே அழைப்பார். நகரத்து பேஸ்போல் அணி வெற்றிமேல் வெற்றி ஈட்டிக்கொண்டிருந்த கோடையில் ஒருநாள், என் உரை முடிந்ததும் அவர் என்னை மறித்தார்.

"மாஸ்ரர், ஊரெல்லாம் பேஸ்போல் எண்டு துள்ளுது. எங்கடை சனம் வேலைத்தலத்திலை ஒண்டும் விளங்காமல் முழிசிக்கொண்டு நிக்குது. நீங்கள் ஒருக்கால் தமிழிலை சொல்லிப்பாருங்கோவன்."

"எனக்கு அந்த விளையாட்டுத் தெரியாது."

"கொலிச்சிலை கிரிக்கெட் சொன்னனீங்கள்தானே? உதுவும் பந்தும் மட்டையும்தான்."

இளமையில் கல்லூரி மைதானத்தில் ஒலிபெருக்கியின் முன்னின்று கிரிக்கெட் வருணனை செய்தவன் என்னும் செருக்கு எனக்கு இருந்தது. ஒப்புக்கொண்டேன். மைதானத்துக்குச் செல்லும் வாய்ப்பு நிலையத்துக்கு இல்லை. ஒலிப்பதிவு அறையில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியை வைத்து, அதன் ஒலியை முற்றாக அடக்கிவிட்டு, படத்தைப் பார்த்துப் பேசுவேன். ஆட்டத்தைப் பயில்வதற்கு முன்னரே அதற்குத் தமிழ்ச் சொற்களை ஆக்கத் தொடங்கிவிட்டேன். பந்தை எறிபவர் எறிநர், அடிப்பவர் அடிநர், ஓடிச் சென்று தொடவேண்டிய இடங்கள் தளங்கள், பந்து மதிலுக்கு அப்பால் போய் விழுந்தால் அது மதில்கடந்த அடி. சொற்கள் நன்றாகவே அமைந்தன. ஆட்டத்தைத்தான் நான் அறிந்திருக்கவில்லை.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் வெளிப்பட்டது. ஒவ்வோர் அணியும் ஒன்பது முறை ஆடி முடித்தபோது இரு அணிகளும் ஐந்துக்கு ஐந்து என நின்றன. தொலைக்காட்சியில் விளம்பரங்கள் ஓடத் தொடங்கின. ஐந்து நாட்கள் ஆடியும் வெற்றி தோல்வி இன்றிக் கைகுலுக்கிப் பிரியும் விளையாட்டில் வளர்ந்தவன் நான். அதில் ஒரு குறையும் எனக்குத் தோன்றவில்லை. "இரு அணியினரும் ஒருவர்க்கொருவர் இளைக்காமல் பொருத, ஆட்டம் சமநிலையில் இனிதே நிறைவுற்றது" என்று அறிவித்து, வணக்கம் கூறி, பாடலுக்கு வழிவிட்டு எழுந்தேன். தொலைபேசி அடித்தது. மனைவி வீட்டிலிருந்து அழைத்திருந்தார்.

"இஞ்சேருங்கோ, ஏன் முடிச்சனீங்கள்?"

"ஆட்டம் முடிஞ்சுது. சமநிலை."

"இதிலை சமநிலை எண்டு ஒண்டு இல்லையப்பா. ஒரு பக்கம் வெல்லுமட்டும் விளையாடுவினம். பத்தாவது துவங்கீட்டுது. பாட்டை நிப்பாட்டிப்போட்டு ஓடிப்போய் இருங்கோ."

"உமக்கு ஆர் சொன்னது?"

"பிறகு சொல்லுறன். முதல் ஓடுங்கோ!"

ஓடினேன். தொழில்நுட்பக் காரணத்தால் ஒலிபரப்புத் தடைப்பட்டதாக நேயர்களிடம் கூறினேன். அது பொய். பன்னிரண்டாவது முறையில் நகரத்து அணி வென்றது. ஆட்டம் முடிந்தபின் தொழிற்சாலைத் தொழிலாளர் ஒருவர் அழைத்தார். "அண்ணை, நல்ல காலம் திரும்பி வந்தனீங்கள். நான் நாளைக்கு வேலையிலை போய் டிரோ எண்டு சொல்லியிருந்தா, என்னை ஒரு கிழமைக்கு வைச்சுப் பகிடி பண்ணியிருப்பாங்கள்."

வீடு திரும்பியதும் மனைவியிடம் கேட்டேன். அவர் பணிபுரிந்த இல்லத்தின் உணவறையில் பிற்பகல் முழுவதும் தொலைக்காட்சியில் ஆட்டம் ஓடுமாம். சக்கர நாற்காலியில் இருந்த மூதாட்டி ஒருவர் ஒவ்வோர் எறியையும் தாளில் குறித்து வைப்பவர். அவருக்குக் கை நடுங்கத் தொடங்கியபின், தேநீர் பரிமாறி முடிந்த வேளைகளில் என் மனைவியே அவருக்காக அதைக் குறித்து வந்திருக்கிறார். இரண்டு கோடைகள் அவ்வாறு கழிந்திருந்தன.

"எனக்கு ஒருநாளும் நீர் சொல்லேல்லையே."

"நீங்கள் கேக்கேல்லையே. நீங்கள் சொல்லுக் கட்டிக்கொண்டெல்லே இருந்தனீங்கள்."

அடுத்த சனிக்கிழமை முதல் அவர் என்னுடன் நிலையத்துக்கு வந்தார். ஒலிவாங்கி ஒன்றே இருந்தது. எனக்கு வலப்புறத்தில் ஒரு கதிரையைப் போட்டு, மடியில் கோடிட்ட கொப்பியை விரித்து, ஆட்டம் தொடங்கியதிலிருந்து முடியும்வரை சுருக்கெழுத்தில் எழுதிக்கொண்டே இருப்பார். எழுதியபடியே, உதடு அதிகம் அசையாமல், என் காதருகே சொல்வார்: "இவன் இடக்கைக்காரன். முதல் வந்த ரண்டு தரமும் பந்தைத் தொடாமலே போனவன். இப்ப பாருங்கோ, எல்லாரும் கிட்ட வந்து நிக்கினம்." அதை நான் வாங்கி, உரிய சொற்களால் உடுத்தி, நேயர்களுக்கு வழங்குவேன். சில மாதங்களில் எனக்குப் பெரும்பெயர் வந்தது. மாஸ்ரரின் நினைவாற்றலே நினைவாற்றல் என்று கடைத்தெருவில் மறித்துச் சொன்னார்கள். நான் தலைவணங்கி ஏற்றுக்கொண்டேன். அவ்வேளைகளில் அவர் மரக்கறிப் பைகளுடன் என் அருகில் நின்றிருப்பார்.

பனிக்காலம் பிறந்ததும் ஹொக்கி வந்தது. பேஸ்போல் பொறுமையுள்ள ஆட்டம். ஓர் எறிக்கும் மறு எறிக்கும் இடையே ஒரு வாக்கியத்தை எழுவாய் முதல் பயனிலைவரை அமைத்து முடிக்கலாம். பனித்தளத்தில் அது நடவாது. அங்கே பந்துக்குப் பதில் கறுப்பு வட்டு ஒன்று வழுக்கி ஓடும். கண் அதைத் தொடர்வதே அரிது. வலையைக் காப்பவருக்கு "இலக்குக் காப்பாளர்" என்று நான் பெயரிட்டிருந்தேன். முதல் நாளே மனைவி அதனை மறுத்தார்.

"நீங்கள் அந்தச் சொல்லைச் சொல்லி முடிக்க, வட்டு மற்றப் பக்கம் போய்ச் சேர்ந்திட்டுது. கோலி எண்டு சொன்னா என்ன குறைஞ்சு போகும்?"

"கோலி என்பது தமிழா?"

"அப்ப காவலன் எண்டு சொல்லுங்கோ. உங்கடை வேலைதானே அவனுக்கும்."

"என்னைப்போலவோ?"

"ஓம். அவனுக்குத் தலைக்கவசம் குடுத்திருக்கினம், உங்களுக்குத் தொப்பி. அவ்வளவுதான் வித்தியாசம்."

காவலன் என்றே வைத்துக்கொண்டோம். நேயர்கள் அச்சொல்லை விரும்பினர். அது என் ஆக்கம் என்றே இன்றும் பலர் நம்பியிருக்கின்றனர்.

ஹொக்கியின் வேகத்தில் காதோடு சொல்வது போதாமற் போயிற்று. அவர் சற்று உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு சனிக்கிழமை மாலை, ஆட்டத்தின் முதல் இடைவேளையில் நேயர் ஒருவர் அழைத்தார். அவ்வழைப்பு நேரடியாக ஒலிபரப்பானது.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. பின்னாலை ஆரோ ஒரு பொம்பிளையின்ரை குரல் கேக்குது. நீங்கள் சொல்ல முந்தி அவ சொல்லிப்போடுறா."

நான் சொல்லியிருக்க வேண்டிய விடை மிகச் சிறியது. அது என் மனைவி. ஆட்டத்தை என்னிலும் நன்கு அறிந்தவர். இவ்வளவே. ஆனால் தமிழ் கற்பித்த ஒருவனுக்குப் பக்கத்தில் ஒருவர் இருந்து எடுத்துக் கொடுக்கிறார் என்பது வெளியில் தெரிந்தால் என் பெயர் என்னாகும் என்றே அக்கணத்தில் எண்ணினேன். "அது அயல் அலைவரிசையிலிருந்து வரும் இரைச்சல். நேயர்கள் பொறுத்தருள வேண்டும்" என்றேன்.

மனைவி கொப்பியின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். இரண்டாம் பகுதி தொடங்கியது முதல் அவர் வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. எனக்குத் தெரிய வேண்டியவற்றைச் சிறு தாள் துண்டுகளில் சாதாரண எழுத்தில் எழுதி, மேசைமீது என் பக்கமாகத் தள்ளினார். ஒரு செய்தியும் தவறவில்லை. அன்று வீடு திரும்பும் பேருந்தில், மறுநாள் கறிக்கு லீக்ஸ் வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தார். அந்நாள் தொட்டு அவர் எனக்குத் தாள் துண்டுகளிலேயே ஆட்டத்தைச் சொன்னார். இரண்டு பனிக்காலங்களும் ஒரு கோடையும் அவ்வாறு சென்றன.

பின்னர் ஒரு கோடையின் நடுவே பேஸ்போல் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தனர், ஆட்டங்கள் நின்றுபோயின. அவ்வாண்டு இலையுதிர்காலத்தில் ஹொக்கியும் உரிய காலத்தில் தொடங்கவில்லை. வருணனை செய்வதற்கு நகரில் ஓர் ஆட்டமும் இல்லை. பொறுப்பாளர் தயங்கித் தயங்கி எங்களிடம் சொன்னார்.

"மாஸ்ரர், விளையாட்டு இல்லாமல் விளையாட்டு நிகழ்ச்சி எப்பிடி? உங்கடை நேரத்தைப் பாட்டுக்குக் குடுப்பம் எண்டு யோசிக்கிறன்."

பின்னால் நின்ற மனைவி சொன்னார்:

"விளையாட்டு இருக்குத் தம்பி. என்ரை கொப்பியளுக்குள்ளை இருக்கு."

வீட்டில், குளிர்கால மேலங்கிகள் தொங்கிய அலுமாரியின் அடித்தட்டில் பன்னிரண்டு கொப்பிகள் இருந்தன. எங்கள் நகரத்து அணி அதுவரை ஆடி, நாங்கள் ஒலிபரப்பிய ஆட்டங்கள் யாவும் எறிக்கு எறி அவற்றில் இருந்தன. ஒன்றை எடுத்து விரித்தேன். மெல்லிய கோடு, தடித்த கோடு, கொக்கி, புள்ளி. ஓலைச்சுவடிகளையும் தடையின்றிப் படித்துப் பழகியவன் நான். என் மனைவி எழுதிய தமிழில் ஒரு வரியைக்கூட என்னால் படிக்க முடியவில்லை.

"இவற்றை எனக்கு நல்லெழுத்தில் எழுதித் தாரும். நான் வானொலியில் சொல்கிறேன்" என்றேன்.

"ஒரு ஆட்டத்தை எழுத எனக்கு மூண்டு நாள் செல்லும். வேலைக்குப் போறதோ, சமைக்கிறதோ, உங்களுக்கு எழுதித் தாறதோ? நான் வாசிக்கிறன். நீங்கள் பக்கத்திலை இருங்கோ."

இவ்வாறாக, அடுத்த சனிக்கிழமை நிலையத்தில் நாங்கள் கதிரை மாறினோம். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து அணிந்து, ஒலிவாங்கியைச் சுட்டிக்காட்டி, "தம்பி, இதைப் பாத்தோ கதைக்கிறது, கொப்பியைப் பாத்தோ?" என்று பொறுப்பாளரைக் கேட்டார். "கொப்பியைப் பாருங்கோ அக்கா, அது உங்களைக் கேட்டுக்கொள்ளும்" என்றார் அவர். மனைவி படிக்கத் தொடங்கினார்.

அவர் பேசியது என் தமிழன்று. அவர் வீட்டில் பேசும் தமிழ். "இப்ப வாறவன் நல்ல உயரமான பொடியன். மட்டையைத் தூக்கி ரண்டு தரம் நிலத்திலை தட்டுறான். அவனுக்கு அது பழக்கம், தட்டாட்டிப் பந்து கண்ணுக்குத் தெரியாதாக்கும். எறியிறவன் திரும்பி முதலாம் தளத்தைப் பாக்கிறான். அங்கை நிக்கிறவன் களவா ரண்டு அடி தள்ளி நிக்கிறான். ஓடப்போறான், பாருங்கோ, ஓடப்போறான்..." முடிவு ஏற்கெனவே தெரிந்த ஆட்டம் அது. நானே வருணனை செய்த ஆட்டம். எனினும் அவன் தப்புவானோ பிடிபடுவானோ என்று நான் கதிரையின் விளிம்புக்கு வந்திருந்தேன். கண்ணாடிக்கு அப்பால் நின்ற பொறுப்பாளர் வாயைத் திறந்தபடி நின்றார். பல் மருத்துவரிடம் வந்த நோயாளர் ஒருவர், வீங்கிய கன்னத்தைக் கையில் தாங்கியவாறு கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

படித்து முடிந்ததும் அழைப்புகள் தொடர்ந்து வந்தன. அவற்றுள் ஒன்றை என்னால் மறக்க இயலாது. இளைஞர் ஒருவர் கேட்டார்:

"அக்கா, உங்களுக்கு உதெல்லாம் எப்பிடித் தெரியும்? மாஸ்ரர் சொல்லித் தந்தவரோ?"

மனைவி என் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஒலிவாங்கி எங்கள் இருவருக்கும் நடுவே இருந்தது. நான் சிறிது முன்னே சாய்ந்தாற் போதும். அவர் காத்திருந்தார் என்பதை அப்போதே அறிந்தேன். அறிந்தும் சாயவில்லை. பிறகு அவரே சொன்னார்:

"அவருக்குப் பக்கத்திலை இருந்தா எல்லாம் தெரியவரும் தம்பி."

நேயர் மகிழ்ந்து சிரித்தார். அதன்பின் வந்த அழைப்புகளில் பாதி, மனைவிக்கும் ஆட்டம் கற்பித்த மாஸ்ரரைப் பாராட்டுவனவாகவே இருந்தன.

ஹொக்கி மீண்டும் தொடங்கும்வரை வாரந்தோறும் அவர் படித்தார். தொடங்கியபின் பழையபடி தமது கதிரைக்குத் திரும்பினார். நீரே தொடர்ந்து சொல்லும் என்று நான் ஒருமுறை கூறியது உண்மை. ஒருமுறைக்கு மேல் கூறவில்லை என்பதும் உண்மை. அவர் அந்தச் சில வாரங்களுக்கு வந்துபோன விருந்தினர் என்றே நேயர்கள் எண்ணிக்கொண்டனர். நூற்றாண்டு முடியுமுன் நிலையம் வேறு கைகளுக்கு மாறியது. எங்கள் நிகழ்ச்சியும் நின்றது. அதுவரை நான் சொன்ன ஒவ்வோர் ஆட்டமும் அவர் எனக்குத் தந்தது.

இப்போது மார்க்கம் நகரில் மகளின் வீட்டில் இருக்கிறோம். மேலே உள்ளவற்றை எழுதி முடித்துச் சென்ற கிழமை மனைவியிடம் கொடுத்தேன். அவர் பென்சிலை எடுத்துக்கொண்டு சமையலறை மேசையில் அமர்ந்தார். நான் நான்குக்கு நான்கு என்று எழுதியிருந்ததை ஐந்துக்கு ஐந்து என்று திருத்தினார். "கொப்பி பதினொண்டு இல்லை, பன்ரண்டு. ஒண்டு வீடு மாறேக்கை துலைஞ்சது" என்றார். இரண்டையும் மேலே மாற்றியுள்ளேன். பிறகு அலைவரிசை இரைச்சலைப் பற்றிய பகுதிக்கு வந்ததும் பென்சிலை வைத்துவிட்டார்.

"உதை எழுதத்தான் வேணுமோ?"

"வேணும். அதுக்காகத்தான் இந்தக் கட்டுரையே."

"அப்பச் சரியா எழுதுங்கோ. ஒண்டை விட்டிட்டியள்."

"எதை?"

"சொல்லிப்போட்டு நீங்கள் சிரிச்சனீங்கள்."

நான் சிரித்ததாக எனக்கு நினைவில்லை. எத்தனை முறை எண்ணிப் பார்த்தாலும் அவ்விடத்தில் என் அச்சம் மட்டுமே நினைவுக்கு வருகிறது. அன்றைய கொப்பியில் அதைக் குறித்திருக்கிறாரா என்று கேட்டேன். "அந்த இடைவேளையை மட்டும் நான் எழுதேல்லை" என்றார். நான் முகம் வாடியிருப்பதைக் கண்டு, மேசைக்கு மேலாகக் கையை நீட்டி என் கையின்மேல் வைத்தார். "விடுங்கோப்பா. எழுதினது போதும். மலரிலை என்ரை பேருக்குப் பக்கத்திலை சுருக்கெழுத்தாளர் எண்டு போடச் சொல்லுங்கோ. படமெல்லாம் வேண்டாம்." அவ்வாறே மலர்க்குழுவினருக்கு எழுதியுள்ளேன், என் பெயருக்கு முன்னே அவர் பெயர் வரவேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

இதைப் படிப்போரில் அக்காலத்து நேயர்கள் இருக்கக்கூடும். ஆண்டுகளின் முறையிலோ, ஆட்டங்களின் விவரத்திலோ, எவர் என்ன சொன்னார் என்பதிலோ நான் தவறியிருந்தால் அருள்கூர்ந்து தெரிவியுங்கள், திருத்திக்கொள்வேன். சிறப்பாக ஒன்றைக் கேட்கிறேன். எங்கள் நிகழ்ச்சியை ஒலிநாடாவில் பதிந்து வைத்த குடும்பங்கள் சில இருந்தன. அந்தச் சனிக்கிழமை மாலையின் பதிவு எவரிடமேனும் எஞ்சியிருப்பின், முதல் இடைவேளையில் ஒரு நேயர் பெண்குரல் கேட்கிறதென்று சொல்லும் இடத்தை இருமுறை போட்டுக் கேளுங்கள். அதற்கு விடை கூறியபின் நான் சிரித்தேனா என்று எனக்கு எழுதுங்கள். சிரித்திருந்தால் அதையும் இங்கே சேர்த்துவிடுகிறேன்.